முதல் வேட்டைத் துப்பாக்கி: மலிவு பார்த்துச் செய்யும் தவறுகள்

சுடும் பயிற்சித் திடலில் புதியவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. அவற்றில் பாதி என் ஆரம்ப நாட்களில் நானும் செய்தவைதான். குழலை ஆள் பக்கம் திருப்பாதே, விசையில் விரலை வைத்துக்கொண்டு நடக்காதே என்பதெல்லாம் இங்கே வராது. அது தெரியாதவர் இன்னும் கடைப் பக்கம் போக வேண்டிய கட்டத்துக்கே வரவில்லை. முயல், அணில், புறா, கவுதாரி என்று சிறு வேட்டைக்கு, அளவான பணத்தோடு முதல் துப்பாக்கி வாங்கக் கிளம்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உரிமத்துக்கு முன்பே துப்பாக்கி

கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் வேட்டை சட்டப்படி உண்டா, எந்த விலங்குக்கு எந்தத் துப்பாக்கி, எந்தப் பருவம் என்று பார்த்த பிறகுதான் கடை.

எதைச் சுடப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாங்குவது

உட்கார்ந்திருக்கும் முயலுக்கும் மரத்தில் நிற்கும் அணிலுக்கும் .22 லாங் ரைபிள் போதும். 1887-இல் வந்த தோட்டா அது. இன்றைக்கும் சத்தம், சுடும்போது தோளில் இடிக்கும் உதை, செலவு மூன்றும் குறைவாக அமைந்தது அதுதான். ஓடுவதற்கும் பறப்பதற்கும் ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு மணிகளைப் பரப்பிச் சுடும் துப்பாக்கி. வானத்தை நோக்கி .22 சுடவே கூடாது. அதன் குண்டு ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர் வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கும். தண்ணீரிலோ கல்லிலோ பட்டால் எகிறித் திசைமாறியும் போகும். இரண்டு வேலையையும் ஒரே துப்பாக்கியில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் எதற்கும் சரிவராத ஒன்றோடு வீடு திரும்புகிறார்கள்.

"ஆரம்பத்துக்கு .410 போதும்"

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் கேட்டால் எரிச்சல் வருகிறது.

.410 என்பது குழலின் விட்டம், அங்குலத்தில்; ஷாட்கன்களில் சிறிய அளவு. அதில் ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் யாருக்கும் பிடித்துவிடும். எடை இல்லை, உதை இல்லை, அலமாரியில் இருப்பவற்றில் விலையும் பெரும்பாலும் இதற்குத்தான் குறைவு. "புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதாங்க சரி" என்று கடைக்காரர் எடுத்து நீட்டுவார். மகனுக்கு வாங்க வந்த அப்பாக்கள் ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. சின்னப் பையன், சின்ன வேட்டை, சின்னத் துப்பாக்கி. கணக்கு சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

ஆனால் தோட்டாவுக்குள் இருக்கும் கணக்கு வேறு. இரண்டரை அங்குல .410 தோட்டாவில் வழக்கமாக அரை அவுன்ஸ் ஈயம், அதாவது சுமார் 14 கிராம். ரவை என்பது உள்ளே இருக்கும் ஈய மணிகள்; அமெரிக்க அளவில் 6-ஆம் எண் ரவை என்றால் ஏறக்குறைய 112 மணிகள். 20 போர் (போர் என்பது ஷாட்கன் குழலின் அளவு; எண் குறையக் குறையக் குழல் பெரிது) தோட்டாவில் சாதாரணமாக 25 கிராம் வரும். அதே ரவையில் கிட்டத்தட்ட 197. ஒவ்வொரு மணியின் எடையும் வேகமும் அநேகமாக ஒன்றுதான். குறைவது எண்ணிக்கை. ஷாட்கனில் வேட்டை உடனே விழுவது ஒரே மணியால் அல்ல, பல மணிகள் ஒரே நேரத்தில் படுவதால்தான். எண்ணிக்கை குறைந்தால் பரவும் வட்டத்துக்குள் ஓட்டைகள் விழுகின்றன. அந்த ஓட்டைக்குள் பறவை நின்றால், நீங்கள் சரியாகக் குறி வைத்தும் பயனில்லை. தேர்ந்த கைகள் தங்களுக்கே ஒரு சவாலாக .410 எடுக்கும். அதைப் போய்ப் புதியவர் கையில் கொடுக்கிறோம்.

ஒருமுறை என்னோடு வந்த இளைஞன் ஒருவன், முப்பது தப்படி தூரத்தில் ஒரு முயலைச் சுட்டான். ரோமம் பறந்தது, நன்றாகவே பார்த்தேன். முயல் முள்புதருக்குள் போய்விட்டது. இருட்டும்வரை தேடினோம், கிடைக்கவில்லை. குறி தவறிவிட்டது என்று அவன் சோர்ந்துபோனான். மறுநாள் ஒரு பெரிய பழுப்புத் தாளை அதே தூரத்தில் கட்டி, அதே தோட்டாவால் சுடச் சொன்னேன். வட்டம் நேராகத்தான் விழுந்திருந்தது. நடுவில், சற்று இடப்பக்கமாக, என் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தேன். ஒரு துளைகூட மறையவில்லை. பையனின் குறியில் குற்றமே இல்லை.

பணக் கணக்குக்கு வருவோம். மலிவு என்று நினைத்துத்தானே இதை வாங்கினோம்? 12 போர், 20 போர் தோட்டாக்கள் களிமண் தட்டு சுடும் விளையாட்டுக்காகவே மலைபோலத் தயாராகின்றன. .410 அந்த அளவுக்கு விற்பதில்லை. அதனால் பாதி ஈயம் இருக்கிற தோட்டாவுக்குப் பெரும்பாலும் கூடுதல் விலை. தோட்டா விலை ஏறினால் பயிற்சி குறையும், பயிற்சி குறைந்தால் தவறும் வேட்டை கூடும். ஒரு பருவம் தாண்டுவதற்குள் அந்த இளைஞனும் 20 போர் வாங்கிவிட்டான். இரண்டு துப்பாக்கிக்குப் பணம் போயிற்று. இப்படித்தான் பலருக்கும் நடக்கிறது.

முதல் ஷாட்கன் என்றால் 20 போர் வாங்குங்கள். வளர்ந்த, ஓரளவு உடல்வாகு உள்ள ஆள் என்றால் 12 போர், அதில் 24 அல்லது 28 கிராம் லேசான தோட்டா. ஆனால் உதைக்குப் பயந்து எடை குறைந்த 12 போரைத் தேடாதீர்கள். ஒரே தோட்டாவுக்கு லேசான துப்பாக்கிதான் பலமாக உதைக்கும். ஏற்கெனவே .410 வாங்கிவிட்டீர்களா? சரி, இறுக்கமான சோக் (ரவை அதிகம் பரவாதபடி குழல் வாயை ஒடுக்கும் அமைப்பு) போட்டு, தாளில் சுட்டுப் பார்த்து, இருபது தப்படிக்கு மேல் போகாமல் பயன்படுத்துங்கள்.

வீட்டில் 12 போரும் 20 போரும் சேர்ந்து இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவிப்போய்ப் பாதியில் சிக்கி நிற்கும். தோட்டா உட்காரும் பின்பக்க அறை காலியாகத் தெரியும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் என்று வைத்ததே இதனால்தான். சட்டைப் பையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

வேகத்தின் மேல் மோகம்

.17 ஹெச்எம்ஆர் என்ற சிறு ரைபிள் தோட்டாவின் குண்டு விநாடிக்கு 2,500 அடிக்கு மேல் பறக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். உடம்பில் பட்டால் முயலில் சமைக்கவும் மிச்சம் இருக்காது. தோட்டாவும் .22-ஐ விட விலை அதிகம். இரண்டாவது துப்பாக்கியாக வரட்டும்.

எல்லாப் பணத்தையும் துப்பாக்கியிலேயே கொட்டுவது

.22 ரைபிள்களுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு நிறுவனத்தின் தோட்டாவை ஏற்கும், இன்னொன்றை ஏற்காது. ஒரே மாதிரியான இரண்டு ரைபிள்கள்கூட இதில் ஒத்துப்போவதில்லை. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 மீட்டரில் சாய்மானம் வைத்துச் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதை மொத்தமாக வாங்குங்கள். இதற்கும் காதுக் கவசத்துக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். .22 ரைபிளின் சத்தமே 140 டெசிபெல் அளவுக்குப் போகும். ஷாட்கன் அதற்கும் மேல். காது திரும்ப வராது.

ஸ்கோப்

ஸ்கோப் என்பது துப்பாக்கி மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி. .22-க்கு வாங்கும்போது 50 கெஜத்துக்கு அமைத்ததா என்று கேளுங்கள். பெரிய ரைபிள் ஸ்கோப்புகள் பொதுவாக 100 கெஜத்துக்கு அமைத்தவை; கிட்டத்தில் கண் சற்று நகர்ந்தாலே குறியும் நகரும். நாலு மடங்கு பெருக்கம் தாராளம். ஸ்பிரிங் ஏர்கன் என்றால் அதற்கென்று உறுதியாகச் செய்த ஸ்கோப் வேண்டும். அந்தத் துப்பாக்கி முன்னும் பின்னும் அதிர்வதால் சாதாரண ஸ்கோப் உள்ளே கழன்றுவிடும்.

கட்டையின் நீளம்

கட்டை என்பது தோளில் வைக்கும் பின்பகுதி. கண்ணை மூடிக்கொண்டு காலித் துப்பாக்கியைத் தோளில் வையுங்கள். கண்ணைத் திறந்ததும் குழல் நுனியில் குறிபார்க்க வைத்த சிறு குமிழ் நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அது உங்களுடையது அல்ல, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

பழையது வேண்டாம் என்பது

இதுவும் தவறுதான். 1950-இல் வந்த ரெமிங்டன் 870, 1964-இல் வந்த ரூகர் 10/22 போன்றவை கை மாறிக் கை மாறி ஓடுகின்றன; உதிரி பாகமும் கிடைக்கும். குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள், குழியோ துருவோ வேண்டாம். மடக்குத் துப்பாக்கியை மூடி ஆட்டிப் பாருங்கள், மூட்டில் அசைவு இருக்கக்கூடாது. அப்புறம், குழலில் பொறித்திருக்கும் அறை நீளத்தைப் படியுங்கள். 70 மில்லிமீட்டர் அறையில் 76 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும். ஆனால் சுட்டதும் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். எழுத்து தேய்ந்திருந்தால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் அளந்து வாங்குங்கள். அளக்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.