வெல்டிங் மெஷின் சுத்தம்: வீட்டுப் பட்டறையில் நடக்கும் தவறுகள்

சின்ன இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின்கள் விலை குறைந்ததிலிருந்து வீட்டு ஷெட்டிலேயே கேட், ஸ்டாண்டு, கட்டில் கால் என்று பற்றவைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பலர் மெஷினின் மேல்மூடியைப் பளபளவென்று துடைத்து வைக்கிறார்கள். சுத்தமாக இருக்க வேண்டியவை காற்று போகிற வழியும் கரண்ட் போகிற வழியும்தான்.

முதலில் காற்று. மெஷினுக்குப் பக்கத்திலேயே கிரைண்டரை ஓட்டினால் பறக்கிற பொடியை பேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது இரும்புப் பொடி, கரண்டைக் கடத்தும். சர்க்யூட் போர்டில் படிந்து, மழைக்கால ஈரமும் சேர்ந்தால் ஒருநாள் 'டப்' என்று மெஷின் போய்விடும். கிரைண்டிங் செய்யும்போது மெஷினை அணைத்துத் தள்ளி வையுங்கள்.

உள்ளே தூசி ஊதுகிறேன் என்று பிளக்கைப் பிடுங்கிய கையோடு மூடியைக் கழற்றுவது அடுத்த தவறு. 230 வோல்ட் லைனில் ஓடும் மெஷினின் கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள்; வாரண்டி இருந்தால் திறக்கவே வேண்டாம், வெளியே உள்ள காற்றுத் துளை வழியாகவே ஊதலாம். கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிட்டு, பிரஷரைக் குறைத்து, சற்றுத் தள்ளி நின்று ஊதுங்கள். மூடி திறந்திருந்தால் பேன் இறக்கையை ஒரு குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடித்துக் கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

இனி கரண்ட். ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) சரியாக நிற்கவில்லை, வெல்டிங் ராடு ஒட்டிக்கொள்கிறது என்றால் உடனே மெஷினைத்தான் திட்டுவோம். பாதி நேரம் குற்றவாளி, பற்றவைக்கும் இரும்பைக் கடித்துப் பிடிக்கும் எர்த் கிளாம்ப். கொஞ்ச நேரம் வெல்டிங் செய்துவிட்டு மெஷினை அணைத்து, எர்த் கிளாம்ப், கேபிள் லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனை), ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பக்கம் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எந்த ஜாயின்ட்டில் அனல் அடிக்கிறதோ அங்கேதான் லூஸ். கறுத்துப்போன செம்புக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு புது லக் போட வேண்டும். டேப் சுற்றினால் சூடு குறையாது. கிளாம்ப் கடிக்கிற இடத்தில் பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டிவிடுவதும் பராமரிப்புதான்.

இதெல்லாம் போனால் காசோடு போகும். அடுத்தது உயிர் விஷயம். பற்றவைக்கப்போகும் இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு என்று பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். குளோரின் சேர்ந்த கரைப்பான் அதில் இருந்தால், ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் அது பாஸ்ஜீன் வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே நச்சு வாயு! சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்தாலே போதும்.

ராடு நமத்துவிட்டால் வெயிலில் போடுகிறோம். ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும் பூச்சுள்ள 7018 வகை ராடுக்கு அது பலிக்காது. அதை 300 டிகிரிக்கு மேல் சுட்டெடுக்க வேண்டும், வீட்டு ஓவன் பெரும்பாலும் அந்தச் சூட்டைத் தொடாது. சின்ன பாக்கெட்டாக வாங்கி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். அப்புறம், ஹெல்மெட் கண்ணாடியைத் தின்னரால் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் மங்கிவிடும்.

வேலை முடிந்ததும் சட்டென்று மெயினை அணைக்காமல், உள்ளே சூடு தணியும்வரை பேன் சில நிமிடம் ஓடட்டும். அந்த இடைவெளியில் தரையைக் கூட்டாதீர்கள், அந்தத் தூசியும் பேன் வழியாக உள்ளேதான் போகும்.