ஷெர்லாக் ஹோம்ஸ் விளையாட்டுப் பெட்டிகள்: சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

பெட்டியின் மேல் ஹோம்ஸின் தொப்பியும் புகைக்குழாயும் தெரிந்ததுமே வாங்கிவிடுவதுதான் முதல் தவறு. ஹோம்ஸ் கதைகளின் காப்புரிமை பிரிட்டனில் 2000-ன் முடிவிலேயே தீர்ந்தது. அமெரிக்காவில் கடைசிக் கதைகளும் 2023 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாயின. அதனால் அவர் பெயரில் பெட்டிகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. வாங்குமுன் விதிப் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். 'பியாண்ட் பேக்கர் ஸ்ட்ரீட்' கூட்டாக ஆடும் சீட்டாட்டம். உங்கள் கைச்சீட்டு உங்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். 'மிஸ்டர் ஜாக்' இருவர் மட்டுமே ஆடுவது. அதில் ஹோம்ஸ் எட்டுப் பாத்திரங்களில் ஒருவர், அவ்வளவுதான். இரண்டும் நல்ல விளையாட்டுகளே. ஆனால் வழக்கைப் படித்துத் துப்புத் துலக்க நினைப்பவருக்கு இவை ஏமாற்றமே தரும்.

அந்த ஆசைக்கு உரியது 1981-ல் வெளிவந்த 'ஷெர்லாக் ஹோம்ஸ் கன்சல்டிங் டிடெக்டிவ்'. இதன் ஜெர்மன் பதிப்பு 1985-ல் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' எனும், ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான ஜெர்மன் விருதைப் பெற்றது. பழைய பிரதி வாங்குபவர்கள் அதிகம் இழப்பதும் இதில்தான். லண்டன் வரைபடம், முகவரிப் புத்தகம், வழக்குகள், வழக்குக்கு ஒன்றாக நாளிதழ்கள் என்று எல்லாமே காகிதம். மற்ற விளையாட்டுகளில் பகடையோ காயோ தொலைந்தால் மாற்று வைத்துக்கொள்ளலாம். இதில் நாளிதழ் ஒன்று தொலைந்தால் முடியாது. முந்தைய வழக்குகளின் நாளிதழ்களையும் பின்வரும் வழக்குகளில் புரட்டலாம் என்பது விதி. ஆக, ஓர் இதழ் போனால் அந்த வழக்கோடு அடுத்தடுத்தவையும் ஊனமாகும். வழக்குகளை வரிசை மாற்றி ஆடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். "எல்லாம் இருக்கிறது" என்ற விற்பவர் சொல்லை நம்பாமல், ஒவ்வொரு நாளிதழின் தேதி தெரியும்படியும், வரைபடம் முழுதாக விரித்த நிலையிலும் படம் கேளுங்கள்.

பிரதியைச் சோதிக்கப் போய் விடையைப் படித்துவிடுவது இன்னொரு தவறு. ஒரு வழக்கின் தீர்வு தெரிந்துவிட்டால் அதை மீண்டும் புதிதாக ஆட வழியே இல்லை. பக்கங்கள் முழுமையாக உள்ளனவா, பென்சில் கோடுகள் இருக்கின்றனவா என்பதை, ஆடப்போகாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மென்மையான வினைல் ரப்பரால் ஒரே திசையில் தேய்த்தால் பென்சில் பெரும்பாலும் போய்விடும். பேனா மையைத் தொடாதீர்கள், காகிதம்தான் கிழியும். உங்கள் குறிப்புகளைத் தனித்தாளில் எழுதுங்கள், வரைபடத்தில் குறிக்க நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வழக்கை இருமுறை வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. 'கன்சல்டிங் டிடெக்டிவ்' வரிசையில் முன்பு தனியாக வந்த 'வெஸ்ட் எண்ட்' வழக்குகளில் ஆறு, பின்னாளில் நான்கு 'ஜாக் த ரிப்பர்' வழக்குகளோடு சேர்ந்து ஒரே பெட்டியாக வந்தன. பெட்டியின் தலைப்பை விட்டுவிட்டு, உள்ளே உள்ள வழக்குகளின் பெயர்களைப் பட்டியலிட்டு ஒப்பிடுங்கள். மொழியையும் பாருங்கள்: சீட்டாட்டத்தை எந்த மொழிப் பதிப்பிலும் சமாளித்துவிடலாம், பத்திப் பத்தியாகப் படிக்க வேண்டிய விளையாட்டில் தெரியாத மொழிப் பதிப்பு அலமாரிக்கு மட்டுமே உதவும்.

பாதுகாப்பில் செய்யக் கூடாதவை சில. ரப்பர் பேண்டு நாளடைவில் உருகிச் சீட்டின் விளிம்பில் ஒட்டும், ஓரத்தையும் வளைக்கும். செல்லோடேப் மஞ்சளாகிக் கறை விடும். பி.வி.சி. உறைகள் அச்சோடு ஒட்டிக்கொள்ளும், பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள், அதற்குமுன் சீட்டை அளந்து பாருங்கள் (63 × 88 மி.மீ. பரவலான அளவு, எல்லாம் அப்படியல்ல). பழைய வரைபடத்தை லேமினேட் செய்யவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. மடிப்பில் விரிசல் கண்டால் விரித்தபடியே அமிலமற்ற கோப்புறையில் வையுங்கள். பெட்டிகளை வெளிச்சுவரை ஒட்டி அடுக்கினால் ஈரம் ஏறி மூடி வளையும். ஒரு சாண் இடைவெளி விட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள்.