ஏ.சி. கரன்டில் நேர்க்கூட்டல் போடாதீர்கள்

பழைய சோக் போட்ட 40 வாட் ட்யூப் லைட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள். ட்யூபின் இரு முனைக்கு நடுவே சுமார் 110 வோல்ட், சோக்கில் சுமார் 200. கூட்டினால் 310, வீட்டுக்கு வருவதோ 230. மீட்டர் கெட்டுவிடவில்லை. சோக் ஒரு சுருள் என்பதால் அதன் வோல்டேஜ் கரன்டுக்குக் கால் சுற்று முன்னால் ஓடுகிறது. ட்யூபின் வோல்டேஜ் கரன்டோடு சேர்ந்தே போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வராததால், செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் போலத்தான் சேரும். 110-இன் வர்க்கத்தோடு 202-இன் வர்க்கத்தைக் கூட்டினால் 230-இன் வர்க்கம் வந்துவிடும். தோட்டத்து மோட்டாரிலும் தறிக்கூடத்திலும் பல தவறுகள் இந்த நேர்க்கூட்டலில்தான் தொடங்குகின்றன.

மூன்று பேஸில் (400 வோல்ட் தரும் மூன்று லைன்களில்) ஓடும் 5 எச்.பி. போர் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஒரு எச்.பி. 746 வாட். 3,730 வாட்டை 400-ஆல் வகுத்து 9.3 ஆம்ப்ஸ் என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த 3,730 தண்டில் கிடைக்கும் வேலை மட்டுமே. மோட்டாரின் செயல்திறன் 85 சதவீதம் என்றால் உள்ளே போவது சுமார் 4,390 வாட். அதை 400 × 1.73 (3-இன் வர்க்கமூலம், மூன்று பேஸுக்காக) × பவர் பேக்டர் 0.8 (இழுக்கும் வோல்ட்-ஆம்ப்ஸில் வாட்டாக மாறும் பங்கு) என்ற பெருக்கலால் வகுத்தால் 7.9 ஆம்ப்ஸ் வரும்.

மோட்டாரும் சுருள்தான், அதன் கரன்டு வோல்டேஜுக்குப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலை ஈடு கட்டத்தான் கண்டன்சர் வருகிறது. 2 கே.வி.ஏ.ஆர். (அது ஈடு கட்டும் அளவு) என்று அச்சடித்த 440 வோல்ட் கண்டன்சர், 400 வோல்ட்டில் 1.65 தான் தரும். வோல்டேஜ் குறைந்தால் அதன் வேலை வர்க்கத்தில் குறையும். அந்த 1.65-ஏ லைன் கரன்டை 7.9-லிருந்து 6.8 ஆம்ப்ஸுக்கு இறக்கிவிடும். ஆனால் எந்த லைனில்? கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் வரை மட்டும். கண்டன்சர் மேலே ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்க, ஆயிரம் அடி போருக்குள் இறங்கும் கேபிளில் அதே 7.9 ஆம்ப்ஸ்தான் ஓடும். 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 300 மீட்டருக்கு, கண்டன்சர் போட்டாலும் போடாவிட்டாலும், சுமார் 15 வோல்ட்டைத் தின்றுவிடும். கண்டன்சர் இருக்கிறதே என்று மெல்லிய கேபிளுக்கு இறங்குவது வீண் சிக்கனம்.

கண்டன்சர் ஓவர்லோடு ரிலேக்கு (கரன்டு மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவிக்கு) பின்னால், மோட்டார் பக்கம் இணைந்திருந்தால், ரிலே பார்ப்பது 6.8 ஆம்ப்ஸைத்தான். அதை 8-இல் வைத்துவிட்டால் மோட்டாருக்குக் காவல் தளர்ந்துவிடும்; ரிலேயை 6.8-ஐ ஒட்டி வைக்க வேண்டும். முன்னால் இருந்தால் 7.9. பெரிய கண்டன்சர் நல்லது என்று போடுவதும் சரியல்ல: அதன் ஆம்ப்ஸ், மோட்டாரின் நோ-லோடு (சுமையில்லாமல் ஓடும்போது இழுக்கும்) ஆம்ப்ஸில் 90 சதவீதத்தைத் தாண்டினால், ஆஃப் செய்த பிறகும் சுழலும் மோட்டார் ஜெனரேட்டர்போல் வோல்டேஜை ஏற்றிவிடும்.

ஒரு பேஸ் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. மீதி இரண்டு பேஸில் கரன்டு சுமார் 1.73 மடங்கு ஏறும், நம் 7.9, 13.7 ஆகிவிடும். இந்த நேரத்தில் ஸ்டார்ட்டருக்கு மோட்டார் பக்கம் வோல்ட்மீட்டர் வைத்தால், ‘மூணு பேஸும் இருக்குதுங்க’ என்று சொல்லத் தோன்றும். போன பேஸில் ஓடும் மோட்டாரே வோல்டேஜ் உண்டாக்குவதால் வரும் ஏமாற்று அது. மூன்று ஒயரிலும் தனித்தனியாகக் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விக் கரன்டை அளப்பது) போட்டால் உண்மை தெரியும். கரன்டைப் பார்க்கும் பிரிவென்ட்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி), வோல்டேஜை மட்டும் பார்ப்பதைவிட நம்பகமானது.

கிளாம்பை மூன்று ஒயரையும் சேர்த்து மாட்டினால் கிட்டத்தட்ட சுழி காட்டும், ஒன்றையொன்று ஈடு கட்டுவதால். சுழி வரவில்லை என்றால் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது.

மீட்டர் காட்டும் 230 ஆர்.எம்.எஸ். மதிப்பு (அதே சூட்டைத் தரும் டி.சி. அளவு), அலையின் உச்சி 325. 400-க்கு உச்சி 566. சுவிட்சை அணைத்த கண்டன்சரில் இந்த உச்சி வரை தங்கியிருக்கக்கூடும். தங்கியதை வடிக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இருந்தாலும் மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

தறிக்கூடத்தில் விளக்குகளை மூன்று பேஸிலும் சமமாகப் பிரித்திருந்தால் நியூட்ரலில் கரன்டு அதிகம் வராது என்பது உண்மைதான், ஆனால் எல்.இ.டி. போன்ற மின்னணு லோடுகளின் மூன்றாவது ஹார்மோனிக் (மும்மடங்கு வேகத்தில் அலையும் கரன்டு) அங்கே ஈடாகாமல் கூடும். நியூட்ரல் ஒயரைச் சின்னதாகப் போடாதீர்கள். அது அறுந்தால் லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கும். கழற்றும்போது நியூட்ரல் கடைசி, மாட்டும்போது முதல்.