சுவரில் எழுதிய எழுத்து எந்த ஃபாண்ட்?

போர்டிலும் சுவரிலும் உள்ள எழுத்து எந்த ஃபாண்டை (கம்ப்யூட்டர் எழுத்துருவை) ஒத்தது என்று கண்டுபிடிப்பதைத் தர்மபுரி நான்கு ரோட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். போர்டுக்கு நேர் கீழே நின்று போட்டோ எடுக்காதீர்கள், எழுத்தின் தலை ஒடுங்கிவிடும். ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். மிச்சச் சாய்வை ஸ்னாப்சீட் என்ற போட்டோ செயலியின் பெர்ஸ்பெக்டிவ் வசதி சரிசெய்யும்.

அடுத்து, ஒரே எழுத்து இரண்டு முறை வரும் வரியைத் தேடுங்கள். 'வீட்டு மனை விற்பனைக்கு' என்பதில் 'னை' இரண்டு. இரண்டையும் வெட்டி, கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலதன் அடர்த்தியை 50 சதவீதமாகக் குறையுங்கள். அச்சாகப் பொருந்தினால் பிரிண்ட்டை வைத்து வரைந்தது, அல்லது ஸ்டென்சில் (வெட்டிய அச்சுத்தகடு) வைத்து அடித்தது. எழுத்தின் வயிறு ஒன்றில் பெருத்து ஒன்றில் சிறுத்திருந்தால் கைதான் எழுதியது. பெயிண்டர் எந்த ஃபாண்டை மனதில் வைத்திருந்தார் என்பதை மட்டுமே அப்போது ஊகிக்க முடியும்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: கோட்டின் நுனியைப் பார்ப்பார்கள். எனாமலும் பிரஷும் கூர்மூலையை மழுக்கிவிடும். ஏரியல், ஹெல்வெட்டிகா இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் ஆங்கில ஃபாண்டுகள். ஏரியல் 't'யின் தலை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், ஹெல்வெட்டிகாவில் நேராக. சுவரில் இந்த வித்தியாசம் தேறாது. 'R'இன் காலைப் பாருங்கள். ஹெல்வெட்டிகாவில் வளைந்து செங்குத்தாக இறங்கும், ஏரியலில் சாய்கோடாக ஓடும். பேக்கரி போர்டில் கொழுகொழு எழுத்தா? 'o'வின் உள்வெள்ளை இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அது கூப்பர் பிளாக் என்ற ஃபாண்ட்.

வரியின் கடைசி எழுத்துகளை அளவுக்கு எடுக்கவே வேண்டாம். இடம் பற்றாமல் நெருக்கியிருப்பார்கள். எழுத்தை ஒட்டித் தீட்டும் நிழலான ஷேடையும் எழுத்தின் தடிமனோடு சேர்த்துவிடாதீர்கள்.

படத்தைக் கொடுத்தால் ஃபாண்ட் சொல்லும் தளங்கள் தமிழுக்கு உதவாது என்பதே என் கருத்து. கூகுள் ஃபாண்ட்ஸில் தமிழை மட்டும் வடிகட்டி, போர்டிலுள்ள அதே சொல்லைத் தட்டச்சு செய்து பாருங்கள். தடித்து உருண்டிருந்தால் பாலூ தம்பி என்ற ஃபாண்டோடு முதலில் ஒப்பிடலாம். போர்டு அந்த ஃபாண்டைவிடப் பழையது என்றால் ஒற்றுமை தற்செயல்தான்.

மாம்பழக்கூழ் ஆலைச் சுவர்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் நிறைய. 'ஆலை'யின் 'லை' துதிக்கை போல முன்னால் சுருண்டிருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். அதை வைத்து வயதைத் தீர்மானிக்காதீர்கள், பழைய கைகள் பிறகும் அப்படியே எழுதின. ஆனால் இன்றைய கம்ப்யூட்டர் ஃபாண்ட் அனேகமாக இல்லை என்று ஒதுக்கிவிடலாம்.

ஓசூர் நெருங்க நெருங்க ஒரே போர்டில் தெலுங்கு, கன்னடமும் சேரும். மூன்றையும் தனித்தனியாக வெட்டித் தேடுங்கள்.