1947 கவுண்டி சீசன் ஸ்கோர்கார்ட எப்படி படிக்கிறது

இங்கிலாந்து கவுண்டி மேட்ச்சோட (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, அந்த டீமுங்க மோதறது) பழைய ஸ்கோர்கார்டெல்லாம் இப்ப நெட்ல கிடைக்குதுங்க, ஆனா ஐபிஎல் பாத்த கண்ணோட அத பாத்தா ஒண்ணும் வெளங்காது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கேரளா பார்டர்ல எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைல கரண்ட் போன ராத்திரியெல்லாம் போன்ல உக்காந்து படிச்சு கத்துக்கிட்டத சொல்றேன். ஆரம்பிக்க 1947 சீசன் போதும், மிடில்செக்ஸ்ங்கற கவுண்டி டீம் சாம்பியன் ஆன வருசம்.

மொதல்ல தேதிய பாருங்க. சனிக்கிழமை ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை முடிஞ்சிருக்கும், உடனே நாலு நாள் மேட்ச்னு நெனச்சுக்காதீங்க, நடுவுல ஞாயிறு லீவு, ஆட்டம் மூணே நாள்தான். முடிஞ்ச மறுநாளே புதன்கிழமை அடுத்த மேட்ச், அதுவும் பெரும்பாலும் வேற ஊர்ல. மொத்தம் 17 டீம், ஒவ்வொண்ணுக்கும் 26 மேட்ச். ஜெயிச்சா 12 பாயிண்ட், ட்ராவோ தோல்வியோ ஆனாலும் மொத இன்னிங்ஸ்ல லீட் எடுத்திருந்தா 4 உண்டு, அதனால தோத்த டீமுக்கும் பாயிண்ட் ஏறியிருந்தா பிரிண்ட் மிஸ்டேக்னு நெனைக்காதீங்க.

அடுத்து பேரு. இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச விசயம். இனிஷியல் முன்னாடி இருந்தா ஆள் அமெச்சூர், சம்பளம் வாங்காம ஆடற தொரை. பின்னாடி இருந்தா ப்ரொபஷனல், கூலிக்கு ஆடறவரு. மிடில்செக்ஸ் கேப்டன் ராபின்ஸுக்கு ஆர்.டபிள்யூ.வி. முன்னாடி நிக்கும், அதே டீம்ல ஊரே கொண்டாடின பேட்ஸ்மேன் காம்ப்டனுக்கு டி பின்னாடிதான். 1962 வரைக்கும் இந்த பிரிவு இருந்துச்சு. எனக்கு கேரளா சர்ட்டிபிகேட்ல இனிஷியல் பின்னாடி, பொள்ளாச்சி பேங்க் பாஸ்புக்ல முன்னாடி, அப்ப நான் பார்டர் தாண்டுனா தொரை ஆயிடறனாக்கும்!

இப்ப நம்பர். காம்ப்டன் அந்த வருசம் 3816 ரன், 18 செஞ்சுரி. ஆவரேஜ நீங்களே போட்டு பாருங்க: 50 இன்னிங்ஸ், அதுல 8 நாட் அவுட், மிச்சம் 42, 3816-ஐ அதால வகுத்தா 90.85. ஆனா இது பூரா கவுண்டி ரன்னுன்னு எழுதிடாதீங்க, நான் ஒரு தடவ எழுதி வாங்கி கட்டிக்கிட்டேன். சவுத் ஆப்பிரிக்காவோட ஆடின டெஸ்ட்ல அடிச்ச 753-ம் சேத்துதான் இந்த கணக்கு. சீசன் மொத்தம் வேற, சாம்பியன்ஷிப் மொத்தம் வேற, ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க.

காம்ப்டனோட நிறுத்திட்டா பாதி சீசன் போச்சு. பவுலர் பக்கம் வாங்க, க்ளாஸ்டர்ஷையர் ஆஃப் ஸ்பின்னர் டாம் காடர்ட் அதே வருசம் 238 விக்கெட். ஒருத்தன் மலை மாதிரி ரன் குவிக்கறான், இன்னொருத்தன் இத்தன விக்கெட் எடுக்கறான், எப்படி? ஆட்டமும் அத்தன, பிட்ச்சும் அப்படி. இப்ப மாதிரி முழுசா மூடி வெக்க மாட்டாங்க, மழை பேஞ்சு வெயில் அடிச்சா பந்து கன்னாபின்னான்னு திரும்பும். எங்க பக்கம் மழை மறைவு, பாலக்காட்ல கொட்டினாலும் இங்க காத்துதான் வரும், அதனால இது மண்டைல ஏற எனக்கு கொஞ்ச நாள் ஆச்சு. ஒரு டீம் திடீர்னு 70, 80க்கு சுருண்டிருந்தா பேட்ஸ்மேன திட்டறதுக்கு முன்னாடி மழையான்னு தேடுங்க.

கடைசியா விக்கெட் விழுந்த வரி, அதாவது எத்தன ரன்ல எத்தனாவது விக்கெட் போச்சுன்னு காட்டற வரி. பழகறதுக்கு ஒரு வருசம் பின்னாடி போங்க, 1946, ஓவல்ல சர்ரேக்கு எதிரா நம்ம இந்தியா டீம் ஆடின மேட்ச். 205க்கு 9 விக்கெட்ங்கற எடம் வரைக்கும் படிச்சு மிச்சத்த கையால மறைச்சுக்கோங்க, மொத்தம் எவ்வளவு வந்திருக்கும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, அப்புறம் கைய எடுங்க. 454! பத்தாவதா எறங்கின சர்வதே 124 நாட் அவுட், பதினோராவது ஆள் பானர்ஜி 121.