வேலையை விட்டு வந்து வக்கீலுக்குப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டக் கல்லூரி சேர்க்கை தொடங்கியதும், சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு சிலர் சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு என்னைத் தேடி வருவார்கள். தறி ஓட்டுபவர், லாரி ஆபீஸில் கணக்கு எழுதுபவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் அம்மா. முப்பத்தைந்து, நாற்பது வயதில் வக்கீலுக்குப் படிக்க ஆசைப்படுபவர்கள். நானும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலிருந்து எழுந்து போய்ப் படித்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

கட்டணத் தேதியைத் தவறவிடாதீர்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது தெரியும்.

+2-வைத் தாண்டிப் போய் வாங்கிய பட்டம்

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பட்டறையில் சலங்கை கோர்க்கும் வேலை பார்த்த ஒரு சகோதரி வந்தார். பத்தாம் வகுப்போடு நின்றவர். பட்டப்படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஓர் இடத்தில், "+2 எல்லாம் எதுக்கும்மா? ஆறு மாசம் ஆயத்தப் படிப்பு ஒண்ணு எழுதுங்க, நேரா பி.ஏ. சேர்ந்துடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டினார். பட்டறை வேலை முடிந்து வந்து, ராத்திரியில் படித்துப் பாஸும் ஆகிவிட்டார். எல்.எல்.பி.க்கு விண்ணப்பித்தபோதுதான் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

"அண்ணா, இது போலி சர்டிபிகேட் இல்லையே. கவர்மென்ட் யுனிவர்சிட்டி குடுத்ததுதானே?" என்று கேட்டார்.

போலி இல்லைதான். பட்டமும் உண்மை, பல்கலைக்கழகமும் உண்மை, அவர் படித்ததும் உண்மை. ஆனால் வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 2008-இல் கொண்டுவந்த சட்டக் கல்வி விதிகளில் 5-ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். +2-வையோ பட்டத்தையோ அஞ்சல் வழியில் முடித்தவர்களை அது ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முந்தைய படிப்பு இல்லாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகச் சேர்ந்து பட்டம் வாங்கியவர்களைத்தான் வேண்டாம் என்கிறது. அஞ்சல் வழியில் படித்தால் செல்லாது என்று டீக்கடையில் சிலர் பயமுறுத்துவதும் தவறு, எப்படிப் படித்தாலும் செல்லும் என்று ஆள் பிடிப்பவர்கள் சொல்வதும் தவறு. படித்த வரிசைதான் முக்கியம்.

சட்டம் கிடைக்காவிட்டால் அரசு வேலைக்காவது எழுதலாம் என்று அவர் நினைத்தார். அந்தக் கதவும் மூடித்தான் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரிப் பட்டங்களை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 18-இல் தமிழக அரசும் அரசாணை 107-ஐப் போட்டது. பத்தாம் வகுப்பு, +2, அப்புறம் பட்டம் என்று வந்தால்தான் அரசுப் பணிக்குச் செல்லும் என்றது. இவ்வளவும் நடந்து இத்தனை வருஷம் ஆன பிறகும், வாசலில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்வதில்லை. கேட்டால், "நாங்க பட்டம் வாங்கித் தரோம்னுதான் சொன்னோம்" என்பார்கள்.

பட்டம் வாங்கிய பிறகு +2 எழுதிவிட்டால் சரியாகிவிடாதா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். சரியாகாது. சான்றிதழில் உள்ள தேதிகளே வரிசையைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தச் சகோதரியிடம், +2 எழுதிவிட்டு பி.ஏ.வை மறுபடி முதலிலிருந்து படியுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சொன்னேன். வேறு வழி இல்லை.

பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் முதலில் +2 பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுங்கள். பிறகு பி.ஏ.வை அஞ்சல் வழியிலேயே முடிக்கலாம். அதில் வெறும் பாஸ் போதாது. சட்டம் சேர பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 சதவீதமும் வேண்டும். அதன் பிறகு மூன்று வருஷம் எல்.எல்.பி. மொத்தம் ஏழெட்டு வருஷம் ஆகும். நீளமான வழிதான். ஆனால் போய்ச் சேருகிற வழி இதுதான்.

வேலையையும் விடாமல் படித்துவிடலாம் என்ற கணக்கு

சட்டம் அஞ்சல் வழியில் கிடையாது. வகுப்பில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். விதிப்படி 70 சதவீத வருகை தேவை. 2019-இல் சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டதால், வெளியூரில் போய்த் தங்கும் பாடு இப்போது நம் ஊர்க்காரர்களுக்கு இல்லை. ஆனாலும் தூரத்தைச் சரியாக எடைபோடுங்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் கணக்குப் பார்த்த ஒருவர் தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து படித்தார். 20 கொண்டை ஊசி வளைவு, பனி, மழைக்காலத்தில் மண்சரிவு. முதல் வருஷமே வருகைப்பதிவு போதாமல் தவித்தார். கீழே வாடகைக்கு அறை எடுத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

சம்பள வேலையில் இருந்துகொண்டே லீவு நாளில் கோர்ட்டுக்குப் போவது

முடியாது. முழுநேரச் சம்பளக்காரர் வக்கீல் தொழில் செய்ய விதி இடம் தராது.

பிள்ளை வயதுப் பையன்களிடம் நோட்ஸ் கேட்கக் கூச்சப்படுவது

கேளுங்கள். தருவார்கள்.

கறுப்புக் கோட் போட்ட மாதமே வருமானம் வரும் என்று நம்புவது

ஜூனியர் வக்கீல்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. நம் சேலம் 15,000-இல் வரும். அதை நம்பி வீட்டுக் கடன் தவணையைப் போட்டுவிடாதீர்கள். சீனியரிடம் சேரும் அன்றே, என்ன தருவீர்கள் என்று மரியாதையாக, நேராகக் கேட்டுவிடுங்கள். நாற்பது வயதில் அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

படிப்பை முடித்து பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைப் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று கட்டிப்போட்டுவிட்டது. பதிவு முடிந்ததும், தொழிலைத் தொடர்ந்து செய்யப் பாஸாக வேண்டிய அகில இந்திய பார் தேர்வு ஒன்று இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம். இந்தச் செலவெல்லாம் போக, ஒரு வருஷத்து வீட்டுச் செலவுக்காவது கையில் பணம் சேர்த்துக்கொண்டு பட்டறையை விட்டு எழுந்திருங்கள்.