வெளிநாட்டுச் சந்தையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: எம்.சி. ரோடு பழக்கம் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சென்னை பழைய வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் நடந்து பழகியவருக்கு உலகத்தில் எந்தச் சந்தையின் கூட்டமும் பயம் தராது. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று நம் பக்கத்திலிருந்து இப்போது குடும்பம் குடும்பமாக பாங்காக், கோலாலம்பூர், வியட்நாம் என்று கிளம்புகிறார்கள். கோயில், கடற்கரை எல்லாம் பார்த்தாலும் மனசு கிடப்பது சந்தையில்தான். எனக்கும் அப்படித்தான். ஆனால் நம்மவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். "நமக்குத் தெரியாத மார்க்கெட்டா" என்ற தைரியம்தான் காரணம். எம்.சி. ரோடும் காசிமேட்டு மீன் சந்தையும் நமக்குப் பழக்கிக் கொடுத்த கண் எந்த ஊரிலும் உதவும். துணியைப் பார்த்ததும் தரம் தெரிவது, கடைக்காரர் முகத்தை வைத்தே விலை இறங்குமா என்று கணிப்பது, இதெல்லாம் வீண்போகாது. காலை வாருவது நம் வாய்ப் பழக்கமும் கைப் பழக்கமும்தான்.

முதலில் பேரம். இங்கே நடைபாதைக் கடையில் 600 ரூபாய் சொன்னால் 200க்குக் கேட்பது தப்பே இல்லை. கடைக்காரரும் அதை எதிர்பார்த்துத்தான் 600 சொல்கிறார். பாங்காக்கின் சாட்டுசாக் வார இறுதிச் சந்தையில் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு சட்டையைக் காட்டி விலை கேட்டால், கடைக்காரர் கால்குலேட்டரில் 250 பாட் (தாய்லாந்துப் பணம்) என்று தட்டி உங்கள் பக்கம் திருப்புவார். நீங்கள் 80 என்று தட்டித் திருப்பினால் அவர் சிரிப்பார். சிரித்தபடியே கால்குலேட்டரை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்து பேரம் சூடுபிடிக்கிறது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அங்கே பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். 250 சொன்ன இடத்தில் 220க்குக் கேளுங்கள், அல்லது இரண்டு மூன்றாக எடுத்துக்கொண்டு மொத்தமாகக் குறைக்கச் சொல்லுங்கள். பாங்காக்கிலேயே பிரதுநாம் பக்கத்துத் துணிக்கடைகளில் மூன்று உருப்படி எடுத்தாலே பல இடங்களில் மொத்த விலைக்குத் தருகிறார்கள். அங்கே போய் ஒரே ஒரு டாப்ஸுக்கு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

எல்லா ஊரும் இப்படி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹோ சி மின் நகரத்தின் பென் தான் சந்தையில் சுற்றுலாப் பயணிக்குச் சொல்லும் முதல் விலை நன்றாகவே ஏற்றிச் சொல்லப்படும். அங்கே தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் அதே சந்தைக்குள் நிலையான விலை என்று பலகை வைத்த கடைகளும் உண்டு, அங்கே பேரம் பேசினால் முகம் சுளிப்பார்கள். ஆகவே நுழைந்ததும் முதல் கடையில் வாங்காமல், ஒரே பொருளை மூன்று கடையில் விசாரித்துவிட்டு அப்புறம் வாயைத் திறப்பது நல்லது. சாப்பாட்டுக் கடையில் மட்டும் எந்த ஊரிலும் பேரம் வேண்டாம்.

போணி என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வியட்நாமிலும் அது அப்படியே இருக்கிறது, இன்னும் கெட்டியாகவே இருக்கிறது. காலையில் முதலில் வரும் ஆள் எப்படியோ அன்றைய வியாபாரம் அப்படி என்பது அவர்கள் நம்பிக்கை. முதல் ஆளாகப் போய் பத்துப் பொருளைப் புரட்டி, விலை பேசி, ஒன்றும் வாங்காமல் நகர்ந்தால் கடைக்காரர் நொந்துபோவார். தோஷம் கழிக்கக் காகிதத்தைக் கொளுத்துபவர்களும் உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் காலையில் கடை திறந்ததும் உள்ளே நுழையாதீர்கள். சும்மா பார்த்துவிட்டு வர வேண்டுமென்றால் வியாபாரம் ஓடத் தொடங்கிய பிறகு போகலாம். பாங்காக்கிலும் முதல் வியாபாரத்தில் வந்த நோட்டால் சரக்கையெல்லாம் தட்டித் தட்டி வைப்பவர்களைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் தெரியும் சந்தோஷம் நம் தெருக்களில் பார்த்துப் பழகியதுதான்.

நம் குரல் கொஞ்சம் பெரிது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காசிமேட்டு ஏலத்தில் மெதுவாகப் பேசினால் மீன் கிடைக்காது. ஆனால் தாய்லாந்தில் உரக்கப் பேசினால் கோபப்படுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். கோபப்பட்டவருக்கு விலை குறைத்துக் கொடுப்பதை அங்கே யாரும் விரும்புவதில்லை. கைக்கும் இதே கதைதான். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிப் பழகிய கை, அங்கே பழத்தை அமுக்கிப் பார்க்கப் போகும். பல கடைக்காரர்கள் அதை விரும்புவதில்லை. கையால் காட்டினால் அவர்களே எடுத்துத் தருவார்கள். இன்னொன்று, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கமோ சிங்கப்பூர் தேக்காவிலோ நின்றுகொண்டு "இது டூப்பு சரக்குடி, வா போகலாம்" என்று தமிழில் ரகசியம் பேசாதீர்கள். எதிரில் நிற்பவருக்கு உங்களைவிட நன்றாகவே தமிழ் தெரியலாம். அங்கே "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க" என்பதுதான் எடுபடும்.

பணத்தில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வியட்நாமில் 20,000 டோங் நோட்டும் நீலம், 500,000 டோங் நோட்டும் நீலம். மங்கிய இரவுச் சந்தை வெளிச்சத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போய்விடும். 500,000 நோட்டுகளைத் தனியாக வேறு பையில் வைப்பதுதான் வழி. விலை சொல்லும்போது கடைசி மூன்று சுழியை விட்டுவிட்டுச் சொல்வார்கள், ஐம்பது என்றால் ஐம்பதாயிரம். தாய்லாந்தில் வேறு ஒரு ஆபத்து. நாணயம் கைதவறி உருண்டு ஓடினால் நம் கால் தானாகவே நீண்டு அதை மிதித்து நிறுத்தும். அங்கே நாணயத்திலும் நோட்டிலும் அரசரின் முகம் இருக்கிறது. அதை மிதிப்பது பெரிய அவமதிப்பு, அரசரை அவமதிப்பது சட்டப்படியும் கடுமையான குற்றம். காசு ஓடினால் ஓடட்டும், குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுவண்டியில்கூட க்யூ.ஆர். ஒட்டியிருப்பதைப் பார்த்து ஜிபே போதும் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். அது அந்த நாட்டு வங்கிகளுக்கான க்யூ.ஆர். ஆக இருக்கலாம். இலங்கையில் 2024 பிப்ரவரியில் யு.பி.ஐ. வந்தது, சிங்கப்பூரிலும் சில கடைகளில் எடுக்கிறார்கள். மற்ற நாடுகளுக்குக் கிளம்பும் முன்பே உங்கள் ஆப்பில் பார்த்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நாமே திறந்துவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அங்கே ஏ.டி.எம். முன்னால் முழிப்பவர்கள் நிறைய. தாய்லாந்து ஏ.டி.எம்.கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டாம். திரையில் "ரூபாய்க் கணக்கா, பாட் கணக்கா" என்று கேட்டால் பாட் கணக்கையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த ரேட்தான். ஊரிலேயே மாற்றிக்கொண்டு போவதென்றால் பாரிமுனையில் ரசீது தரும் கடையில் மாற்றுங்கள், நடைபாதையில் நின்று கூப்பிடுபவரிடம் வேண்டாம்.

"அப்புறம் வந்து வாங்கிக்கலாம்" என்று நகர்வது சாட்டுசாக்கில் பெரிய தவறு. கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனதுபோல, அந்தச் சந்தையும் சனாம் லுவாங் மைதானத்திலிருந்து 1982இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 27 பகுதிகள், பத்தாயிரத்துக்கும் மேல் கடைகள், எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. பிடித்திருந்தால் அப்போதே வாங்குங்கள், இல்லாவிட்டால் பகுதி எண்ணும் சந்து எண்ணும் எழுதிய பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சித்தி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரியும் முன், நடுவில் இருக்கும் மணிக்கூண்டில் இத்தனை மணிக்கு என்று பேசிவையுங்கள். போன் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், எல்லோர் போனிலும் அங்கே நெட் இருக்காது. பிள்ளைகள் சட்டைப் பையில் ஹோட்டல் கார்டு ஒன்று இருக்கட்டும்.

மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தாய்லாந்தின் தேசிய கீதம் வரும். அவ்வளவு பெரிய கூட்டம் அப்படியே நிற்கும். மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்த கத்தி நிற்கும், பேரம் நிற்கும். நாம் மட்டும் பையை இழுத்துக்கொண்டு நடந்தால் நன்றாக இருக்காது. கூடவே நின்றுவிடுங்கள்.

பாங்காக் சைனா டவுனில் சம்பேங் சந்தில் நடுவழியில் நின்று படம் எடுப்பதும் வேண்டாம். இரண்டு பேர் உரசிக்கொண்டு போகும் அகலத்தில் சரக்கு வண்டியும் பைக்கும் வரும். மின்ட் தெருவில் எப்படி ஒதுங்குவோமோ அப்படி ஒதுங்கினால் போதும். சாப்பாட்டில், சைவம் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையைத் தேடுங்கள், அங்கே மீன், இறைச்சி, முட்டை எதுவும் சேர்க்க மாட்டார்கள். "அரண்மனை இன்று மூடியிருக்கு, குறைந்த காசுக்கு ரத்தினக் கல் கடைக்குக் கூட்டிப் போறேன்" என்று டுக்டுக்காரர் சொன்னால் ஏறவே ஏறாதீர்கள்.

கடைசியாகச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள், ஆகவே வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். பாங்காக் இரவுச் சந்தைகளில் இ-சிகரெட்டைப் பரப்பிவைத்து விற்பதைப் பார்ப்பீர்கள். அங்கேயும் அது தடைசெய்யப்பட்ட பொருள், இந்தியாவிலும் 2019 முதல் தடை. கஞ்சாக் கடை அங்கே போர்டு போட்டு நடக்கலாம், அதில் ஒரு பொட்டலம் சென்னை விமான நிலையத்துக்கு வந்தால் போதைப்பொருள் வழக்கு. சாட்டுசாக்கின் செல்லப்பிராணிப் பகுதியில் குட்டி ஆமையும் ஓணானும் கொள்ளை அழகாக இருக்கும். பாங்காக் பயணிகளின் பெட்டியிலிருந்து சென்னை சுங்கத்துறை அடிக்கடி பிடிப்பதும் இப்படிப்பட்ட உயிர்களைத்தான். 2024 ஜூனில் அந்தப் பகுதியில் தீப்பிடித்தபோது ஏராளமான உயிர்கள் கூண்டுக்குள்ளேயே கருகின. அந்த வியாபாரத்துக்கு நம் காசு போக வேண்டாம்.

பர்மா பஜார் பக்கம் வளர்ந்தவர்களுக்கு குருவி என்றால் யார் என்று தெரியும், காசுக்காக அடுத்தவர் சரக்கைத் தன் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவருபவர். வெளிநாட்டுச் சந்தையில் தமிழ் பேசிக்கொண்டு வரும் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, ஊர் விசாரித்து, "தம்பி, சின்ன பார்சல்தான், மண்ணடியில வந்து வாங்கிப்பாங்க, உன் டிக்கெட் காசு நான் தரேன்" என்பார். தங்கமோ, கஞ்சாவோ, ஆமைக்குட்டியோ, உள்ளே இருப்பது எதுவானாலும் பெட்டி உங்கள் பெயரில்தான் இருக்கும். முதலில் மாட்டுவது நீங்கள்தான், கொடுத்தவர் அல்ல. எவ்வளவு நெருங்கிப் பேசினாலும், எந்த உறவு சொல்லிக் கூப்பிட்டாலும் அடுத்தவர் பையைத் தொடாதீர்கள். வற்புறுத்தினால் கூட்டம் இருக்கும் பக்கமாக நகர்ந்துவிடுங்கள். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸின் எண் 1155, விமானம் ஏறும் முன்பே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.